ஜூன் மழையில் கிழிந்த தோல்: ஷாமிசென் கற்ற முதல் ஆண்டு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஷாமிசென் என்னும் ஜப்பானிய மூன்று தந்தி வாத்தியத்தை நான் கற்கத் தொடங்கிய ஒன்பதாம் மாதத்தில், ஜூன் கடைசி வாரத்தின் ஓர் இரவு இரண்டு மணியளவில், அதன் ஒலிப்பெட்டியின் மேல் போர்த்திய முன்தோல் கிழிந்தது. அடுத்த அறையில் யாரோ ஒரே ஒரு முறை கை தட்டியது போன்ற சத்தம் கேட்டு விழித்தேன். விளக்கைப் போட்டபோது, தாங்கியில் சாய்த்து வைத்திருந்த கருவியின் கீழ்மூலையில் தொடங்கி மேல்நோக்கி வளைந்து சென்ற ஒரு பிளவு தெரிந்தது. தோலின் மேல் நின்று தந்திகளைத் தாங்கும் ‘குதிரை’ என்னும் சிறு துண்டு சரிந்து விழுந்திருந்தது. தந்திகள் மூன்றும் தொய்ந்து கிடந்தன.

ஷாமிசென் தோல் கிழிவது அபூர்வமான விபத்து அன்று. நீண்ட காலம் வாசிக்கிற எவருக்கும் அது பல முறை நேரும். ஆனால் என் கருவி கிழிவதற்கு முன்பே இரண்டு வாரங்களாகத் தன் நிலையைத் தெரிவித்துக்கொண்டிருந்தது. அதை நான் என் வாசிப்பின் குறையாக எடுத்துக்கொண்டேன். புதுத்தோல் போர்த்தி வந்த பிறகு வேறொரு குறை எழுந்தது. அதை நான் தோலின் குறையாக எடுத்துக்கொண்டேன். இரண்டு முறையும் காரணத்தைத் தவறான இடத்தில் தேடினேன். வாசிப்பு ஒரு பாடம், பராமரிப்பு இன்னொரு பாடம் என்று அவற்றைப் பிரித்து வைத்திருந்ததுதான் இரண்டு தவறுகளுக்கும் வேர் என்று இப்போது எனக்கு உறுதியாகத் தெரிகிறது. அந்த உறுதி எப்படி வந்தது என்பதைத் தேதி வரிசையில் இங்கே பதிவுசெய்கிறேன்.

கருவி

ஷாமிசெனின் மூலம் ஒகினாவாத் தீவுகளின் சன்ஷின். சன்ஷினின் மூலம் சீனத்தின் சான்ஷியான். 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது ஒசாகாவை அடுத்த சாகாய் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. சன்ஷினுக்கு மலைப்பாம்பின் தோலைப் போர்த்துவார்கள். அத்தனை பெரிய பாம்புகள் கிடைக்காத ஜப்பானியப் பெருந்தீவில் பூனைத்தோலும் நாய்த்தோலும் அந்த இடத்துக்கு வந்தன. அங்கே அதை முதலில் கையில் எடுத்தவர்கள் பிவா என்னும் வாத்தியத்தை வாசித்துக் கதை சொல்லிவந்த பார்வையற்ற கலைஞர்கள். பிவாவை மீட்டும் அகன்ற தட்டையான மீட்டுகோலையும், தந்தியிலிருந்து எழும் ரீங்காரத்தின் மீதான விருப்பத்தையும் அவர்கள் ஷாமிசெனுக்குள் கொண்டுவந்தார்கள். மீட்டுகோலின் பெயர் பாச்சி. ரீங்காரத்தின் பெயர் சாவாரி. இந்த ஆய்வின் பிற்பகுதி முழுவதும் அந்தச் சாவாரியைப் பற்றியதுதான்.

கருவியின் உறுப்புகளுக்கு நம் வீணைக்காரர்களின் சொற்களே பெரும்பாலும் பொருந்துகின்றன. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள கருவியில் நீண்ட கழுத்தான தண்டி, தந்திகளை முறுக்கும் பிருடைகள், குதிரை எல்லாம் உண்டு. விரல் அழுத்தும் இடங்களைக் குறிக்கும் குறுக்குக் கம்பிகளான மெட்டுகள் மட்டும் கிடையா. குடத்தின் இடத்தில் நான்கு மரத்துண்டுகளைச் சேர்த்துச் செய்த ஒரு பெட்டி இருக்கிறது. அதன் முன்னும் பின்னும் தோல் ஒட்டப்பட்டிருக்கிறது. தண்டியின் வால்பகுதி அந்தப் பெட்டியை ஊடுருவி அடியில் வெளியே வரும். அங்கே கட்டப்படும் பட்டுக்கயிற்று முடிச்சில் தந்திகள் தொடங்குகின்றன. தண்டி பெரும்பாலும் மூன்று துண்டுகளாகக் கழற்றக்கூடியது. தண்டியின் பருமனைக் கொண்டு கருவியை மெல்லியது, நடுத்தரமானது, தடித்தது என்று மூன்றாகப் பிரிப்பார்கள். கபுகி என்னும் ஜப்பானிய நாடக அரங்கோடு வளர்ந்த நாகௌதா இசைக்கு மெல்லிய தண்டியும், பொம்மலாட்டத்துக்குரிய கிதாயூ இசைக்கும் வடக்கே த்சுகாரு வட்டாரத்தின் வேகமான வாசிப்புக்கும் தடித்த தண்டியும் உரியவை.

என்னுடையது பழைய கருவி விற்கும் கடை ஒன்றில் வாங்கிய மெல்லிய தண்டி ஷாமிசென். இருபுறமும் நாய்த்தோல், தண்டி கரின் என்னும் மரம். கரின் பயிற்சிக் கருவிகளுக்குரிய மரம், சற்று மென்மையானது. மிக உயர்ந்த தண்டிக்கு ஜப்பானியர்கள் கோகி என்று சொல்லும் மரத்தைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கோகி வேறெதுவும் இல்லை, கடப்பை, சித்தூர் பக்கத்து மலைகளில் வளரும் நம் செம்மரந்தான். இதைப் பட்டறையில் கேட்டறிந்த நாளில் எனக்கு நெஞ்சு கனத்தது. 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் மரம் அது. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டது அந்த மரத்தின் பெயரால்தான். பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஜப்பானுக்கு வந்துவிட்ட மரத்தில் செய்த தண்டி ஒன்றை அங்கே கையில் வாங்கிப் பார்த்தேன். ஈரத்துணியால் துடைத்தவுடன் அதன் கருஞ்சிவப்பில் குறுக்கலைகள் எழுந்து வந்தன. அதன் அழகை நான் மறுக்கவில்லை. என் கரின் தண்டியோடு நான் நிறைவாக இருக்கிறேன்.

முதல் எட்டு மாதங்கள்

அக்டோபரில் டோக்கியோவின் மேற்குப் புறநகரில் ஓர் ஆசிரியையிடம் வாரம் ஒரு வகுப்பாக நாகௌதா ஷாமிசென் கற்கத் தொடங்கினேன். முழங்கால் மடித்து அமர்ந்து, வலத்தொடையின் மேல் ஒரு ரப்பர் விரிப்பை வைத்து, அதன் மேல் பெட்டியை நிறுத்த வேண்டும். வலக்கை பெட்டியின் மேல்விளிம்பில் ஊன்றியிருக்கும். பாச்சியின் பிடி மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே நுழைந்து வரும். இந்தப் பிடி கைக்குப் பழகவே எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின. பாச்சி தந்தியை மட்டும் தொட்டால் போதாது, தந்தியை மீட்டிய அதே அசைவில் தோலையும் அடிக்க வேண்டும். ஷாமிசென் ஒரே நேரத்தில் நரம்புக் கருவியாகவும் தோல் கருவியாகவும் ஒலிப்பது இதனால்தான். அடி விழும் இடத்தில் பாதி நிலா வடிவில் ஒரு சிறிய தோல்துண்டை மேலே ஒட்டியிருப்பார்கள்.

பாடம் வாய்மொழியில் தொடங்கியது. நம் சொற்கட்டைப் போல ஷாமிசெனுக்கும் வாய்ச்சொற்கள் உண்டு: இரண்டாம் தந்தியைத் திறந்து மீட்டினால் 'தோன்', அழுத்தி மீட்டினால் 'த்சுன்', மூன்றாம் தந்தியைத் திறந்து மீட்டினால் 'தென்', அழுத்தினால் 'சின்'. ஆசிரியை எதிரே அமர்ந்து இவற்றைப் பாட, நான் பாடி, பிறகு வாசிப்பேன். மூன்று கோடுகளின் மேல் எண்களை எழுதும் புன்காஃபு என்ற குறிப்புமுறையும் கையில் இருந்தது. ஆனால் மெட்டில்லாத தண்டியில் எண் இடத்தைத்தான் சொல்லும். சுருதியைக் காதுதான் சொல்லும்.

சுருதி சேர்ப்பதில் மூன்று அடிப்படை முறைகள் உள்ளன. முதல் தந்தியைச் சட்ஜமாகக் கொண்டால், ஹோன்சோஷி என்பது ச ம ச. இரண்டாம் தந்தியை ஒரு முழு ஸ்வரம் உயர்த்தினால் நிஅகாரி, அதாவது ச ப ச. ஹோன்சோஷியிலிருந்து மூன்றாம் தந்தியை ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் சன்சகாரி, அதாவது ச ம, மேலே கைசிகி நிஷாதம். ஒரே உருப்படியின் நடுவில் ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதும் உண்டு. எனவே வாசித்துக்கொண்டே பிருடையைத் திருகும் பழக்கம் ஆரம்பத்திலேயே வேண்டும். என் முதல் இரண்டு தந்திகளும் பட்டு, மூன்றாவது நைலான். பட்டுத் தந்திகள் மஞ்சள் நிறமாக இருக்கும். மரபாக அந்த நிறம் நாம் சமையலில் போடும் மஞ்சளிலிருந்தே வந்தது. பிவா ஏரிக்கு வடக்கே கினோமொதோ என்ற ஊர்ப்பகுதி அவற்றுக்குப் பெயர்பெற்றது. பட்டுத் தந்தி புதிதாக இருக்கும் வரை இழுபட்டுக்கொண்டே போகும். அதனால் சுருதி இறங்குவது மாணவருக்கு அன்றாடச் செய்தி.

இந்தக் காலத்தில் நான் இரண்டு குறிப்பேடுகள் வைத்திருந்தேன். ஒன்றில் பயிற்சி: என்ன வாசித்தேன், எங்கே தடுமாறினேன், ஆசிரியை என்ன சொன்னார். மற்றொன்றில் பராமரிப்பு: தந்தி மாற்றிய தேதி, தண்டியைத் துடைத்தது, அறையின் ஈரப்பதம். ஒழுங்கானவன் செய்யும் வேலை என்று நான் நம்பிய இந்த ஏற்பாட்டில்தான் தவறு ஒளிந்திருந்தது.

கிழிந்த இரவும் அதற்கு முந்தைய இரண்டு வாரங்களும்

டோக்கியோவில் ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை நடுப்பகுதியைத் தாண்டியும் த்சுயு எனப்படும் மழைக்காலம் நீடிக்கும். அடைமழையை விட, நாள் கணக்கில் நகராத ஈரக்காற்றுதான் அதன் இயல்பு. ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து என் பயிற்சிக் குறிப்பேட்டில் ஒரே குறை மீண்டும் மீண்டும் எழுதப்பட்டிருக்கிறது. "சுருதி நிற்கவில்லை. மூன்றும் இறங்குகின்றன." மறுநாள்: "பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சேர்க்க வேண்டியிருக்கிறது. பிருடையை உள்ளே அழுத்தித் திருகப் பழக வேண்டும்." அதற்கும் இரண்டு நாள் கழித்து: "பாச்சி அடியில் உயிரில்லை. மணிக்கட்டு இறுகியிருக்கிறதோ?"

அதே நாட்களில் பராமரிப்புக் குறிப்பேட்டில் அறையின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் குறையாமல் எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டையும் அருகருகே வைத்துப் படித்திருந்தால் அன்றே விளங்கியிருக்கும். ஒரு தந்தி மட்டும் சுருதி இறங்கினால் காரணம் அந்தத் தந்தியிலோ அதன் பிருடையிலோ இருக்கும். மூன்றும் ஒன்றாக, ஏறத்தாழ ஒரே அளவில் இறங்கினால், மூன்றுக்கும் பொதுவான ஒன்றுதான் மாறியிருக்க வேண்டும். அந்தப் பொதுவான ஒன்று குதிரை நிற்கும் தோல். ஈரத்தை உறிஞ்சிய தோல் தளர்கிறது. குதிரை மயிரிழை அளவு அமுங்குகிறது. தந்திகள் மூன்றும் ஒன்றாகத் தளர்கின்றன. பாச்சி அடியில் உயிர் போனதற்கும் அதுவே காரணம். மணிக்கட்டில் குறை இல்லை. தொய்ந்த தோலில் அடி மழுங்கிக் கேட்டது. நானோ பிருடைகளை இன்னும் இறுக்கினேன். மணிக்கட்டை இன்னும் வேகமாக வீசினேன். ஏற்கெனவே தளர்ந்திருந்த தோலின் மேல் பளுவைக் கூட்டினேன் என்பதே அதன் பொருள்.

கிழிந்த நாளின் மாலையில் சன்னலைத் திறந்து வைத்து ஒன்றரை மணிநேரம் வாசித்தேன். வெளியே தூறல். முடித்த பிறகு களைப்பில் கருவியைப் பையில் போடவில்லை, குதிரையை எடுக்கவில்லை, சுருதியையும் இறக்கவில்லை. தாங்கியில் அப்படியே சாய்த்துவிட்டு, அறையின் குளிர்சாதனத்தை ஈரம் நீக்கும் முறையில் இயக்கிவிட்டு உறங்கப் போனேன். காற்று நேரே தாங்கியின் மேல் விழும் இடம் அது.

தோலுக்கு ஈரம் மட்டுமோ உலர்வு மட்டுமோ அவ்வளவு பகையில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரைவாக மாறுவதுதான் அதைக் கொல்கிறது. இரண்டு வாரங்களாக ஈரத்தில் ஊறித் தளர்ந்த தோல், சில மணிநேரத்தில் உலர்ந்து சுருங்கியது. இழுவிசை திடீரென்று ஏறியது. அதே ஈரத்தில் ஊறி விளிம்புப் பசை ஏற்கெனவே இளகியிருந்தது. குதிரை தன் இடத்தில் நின்றபடி தந்திகளின் முழு அழுத்தத்தையும் தோலின் நடுவே இறக்கிக்கொண்டிருந்தது. கீழ்மூலையில் பசை விட்டுக்கொடுத்த இடத்தில் பிளவு தொடங்கியது.

பட்டறையில்

மறுநாள் காலையில் செய்த ஒரு செயலை மட்டும் சரியாகச் செய்தேன். தந்திகளை முழுவதும் தளர்த்தி, பிளவைத் தொடாமல், ஒட்டுநாடா எதையும் போடாமல், கருவியைத் தாள்பையில் இட்டு எடுத்துச் சென்றேன். கிழிந்த கருவியை நாள் கணக்கில் அப்படியே விட்டால் மறுபக்கத் தோலின் இழுப்பு பெட்டியின் சட்டத்தைக் கோணலாக்கும் என்று ஆசிரியை எச்சரித்திருந்தார்.

கருவிகளைச் செப்பனிடும் அந்தக் கைவினைஞர் முதலில் கிழிசலைப் பார்க்கவில்லை. "இதை எங்கே வைத்திருந்தீர்கள், அதை முதலில் சொல்லுங்கள்" என்றார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பிளவைப் பார்க்காமலே கீழ்மூலையை விரலால் தடவினார்; அங்கேதான் தொடங்கியிருந்தது. தண்டியில் மூன்றாம் தந்திக்குக் கீழே, இடக்கை நகமுனை அடிக்கடி விழும் இடங்களில் ஆழமற்ற பள்ளங்கள் விழுந்திருப்பதையும் காட்டினார். முன்பிருந்தவர் நிறைய வாசித்திருக்கிறார் என்பதன் தடம் அது. இழைத்துச் சமப்படுத்தலாம், ஆனால் ஒவ்வொரு முறை இழைக்கும்போதும் தண்டி மெலியும், அது எண்ணிச் செலவிட வேண்டிய வாய்ப்பு, இப்போது தேவையில்லை என்றார். வேலை தானாக வந்து நிற்கும்போது அதை வேண்டாமென்று சொன்ன அந்த நேர்மையை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

தோல் மாற்றுவதற்கு ஹரிகாயெ என்று பெயர். அனுமதி பெற்று உடனிருந்து பார்த்தேன். பட்டுக்கயிற்று முடிச்சை அவிழ்த்து, தண்டியைப் பெட்டியிலிருந்து உருவி எடுத்த பிறகு, கிழிந்த தோலின் விளிம்பில் ஈரத்துணியை வைத்தார். சில நிமிடங்களில் தோல் தானாகவே விட்டுக்கொடுத்தது. அதை ஒட்டியிருந்தது ஒட்டரிசி மாவில் செய்த பசை. எவ்வளவு இழுவிசைக்கும் தாங்கும் பசை, தண்ணீருக்கு மட்டும் உடனே இளகிவிடுகிறது. மரத்தில் ஒரு கீறல்கூட விழாமல் பழைய தோலை அகற்ற முடிகிறது. வலுவான நவீனப் பசை எதுவும் இதைச் செய்யாது. தோல் என்றாவது கிழியும் என்பதை ஏற்றுக்கொண்டு, மரம் தலைமுறைகளுக்கு நிற்க வேண்டும் என்று வடிவமைக்கப்பட்ட கருவி இது என்பது அந்த ஈரத்துணியைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. என் தோலைக் கொன்ற அதே ஈரம், பட்டறையில் அவருடைய முதல் கருவியாக இருந்தது.

பழைய பசையைச் சுரண்டி விளிம்பைச் சமப்படுத்தினார். புதுத்தோலை நனைத்துப் பதப்படுத்தியிருந்தார். பசையை மாவும் நீருமாகப் பிசைந்து, கையில் நூலிழுக்கும் வரை தேய்த்து, விளிம்பில் தடவினார். பிறகு தோலை விரித்து அதன் நான்கு புறங்களையும் கிசென் என்னும் மரக்கவ்விகளால் கவ்வினார். கவ்விகளிலிருந்து கயிறுகள் அடித்தளப் பலகைக்கு இறங்கின. கயிறுகளுக்கிடையே குச்சியைச் செருகி முறுக்கி, பலகைக்கடியில் ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றினார். ஒரு ஆப்பு, பிறகு விரல்நுனியால் தோலில் ஒரு தட்டு, பிறகு கட்டைவிரலால் ஓர் அழுத்தம், பிறகு காத்திருப்பு. மீண்டும் ஓர் ஆப்பு. ஒலி ஒவ்வொரு முறையும் சிறிது ஏறியது. நான்காம் சுற்றிலோ ஐந்தாம் சுற்றிலோ அவர் கை ஆப்பின் மேல் நின்றது, தட்டவில்லை. தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டார். இன்னும் ஒரு தட்டு விழுந்தால் ஒலி இன்னும் தெளிவாகும், அல்லது தோல் இங்கேயே கிழியும் என்றார். எங்கே நிறுத்துவது என்பதை எந்த அளவுகோலும் அவருக்குச் சொல்லவில்லை.

நல்ல ஷாமிசென் ஒலி கிழிசலின் விளிம்பில்தான் இருக்கிறது. தளர்வாகப் போர்த்தினால் தோல் பல ஆண்டுகள் நிற்கும். ஒலி மட்டும் எழாது. கிழியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத் தளர்வாகப் போர்த்தித் தரச் சொல்லும் மாணவர்கள் வருவதுண்டாம். அவர்கள் கேட்பது நியாயமான சிக்கனம்தான் என்றாலும், அப்படிப் போர்த்திய கருவியில் காது பழகுவது தவறான ஒலிக்கு என்பதால் அந்த யோசனையை நான் ஏற்கவில்லை.

எந்தத் தோல் என்பதும் அன்றே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. பூனைத்தோல் நுண்மையானது, விலை மிகுந்தது. நாய்த்தோல் பயிற்சிக் கருவிகளுக்கு வழக்கமானது. இதைப் படிப்பவர்களில் பலருக்கு இந்த வரியே சங்கடத்தைத் தரும் என்று அறிவேன். எனக்கும் அந்தச் சங்கடம் இருந்தது, இருக்கிறது. ஜப்பானிலேயே இந்தத் தோல்களின் வரத்து அருகி, கங்காருத் தோலும் ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் புழக்கத்துக்கு வந்துவிட்டன. செயற்கைத் தோல் ஈரத்துக்கு அசையாது. ஆனால் அடியின் ஒலி சற்றே தட்டையாகக் கேட்கிறது, தவிர என் போன்ற தொடக்க மாணவர் ஈரக்காற்றைக் காதால் உணரும் வாய்ப்பையும் அது எடுத்துவிடுகிறது. முன்புறத்துக்குக் கங்காருத் தோலைத் தேர்ந்தேன். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20,000 யென் ஆயிற்று. கிழியாத பின்தோலைத் தொடவில்லை.

ரீங்காரம் போன இடம்

ஜூலையில் கருவி திரும்பி வந்தபோது அதன் ஒலி எனக்கு அந்நியமாக இருந்தது. கூர்மை, கடினம், பழைய ஒலியில் இல்லாத ஒரு வெளிச்சம். புதுத்தோல் அடங்க நாளாகும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் கழித்து, நார் எழுந்திருந்த முதல் தந்தியை நானே கழற்றிப் புதுப் பட்டுத் தந்தியை மாட்டினேன். அதன் பிறகு ஒரு குறை தென்படத் தொடங்கியது. சாவாரி இல்லை.

தம்புராவில் ஜீவாளி என்னும் நூலைக் குதிரைக்கும் தந்திக்கும் இடையே நகர்த்திச் சரியான இடத்தில் நிறுத்தும்போது ஒலி எப்படி விரிகிறது என்பதைக் கேட்டவர்களுக்குச் சாவாரியை விளக்க வேண்டியதில்லை. தம்புராவில் அது குதிரையில் நடக்கிறது. ஷாமிசெனில் தண்டியின் தலைப்பக்கத்தில் நடக்கிறது. அங்கே கமிகொமா என்னும் சிறிய பித்தளைத் துண்டு ஒன்று உண்டு. இரண்டாம், மூன்றாம் தந்திகள் அதன் மேல் ஏறிச் செல்லும். முதல் தந்தி மட்டும் அதற்கு வெளியே, நேரே தண்டியின் மேல் இறங்கும். தண்டியின் மேல்முனையில் செதுக்கிய ஒரு சிறு பள்ளத்தையும் அதையடுத்த மேட்டையும் தந்தி கடக்கும்போது, அந்த மேட்டை மெல்ல உரசி அதிர்கிறது. முதல் தந்தியை மீட்டினால் மட்டுமல்ல, ஹோன்சோஷியில் மூன்றாம் தந்தியின் மேல்சட்ஜத்தைச் சரியான சுருதியில் மீட்டினாலும், தொடாத முதல் தந்தி தானே ரீங்கரிக்கும். மாணவருக்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. சுருதி ஒரு நூலளவு விலகினாலும் அது மௌனமாகிவிடும்.

அந்தச் சாட்சி போய்விட்டது. முதல் தந்தி மொழுக்கென்று, சுத்தமாக, உயிரில்லாமல் ஒலித்தது. காரணம் கங்காருத் தோல் என்று முடிவுகட்டினேன். புதிய பொருள் அதுதானே. இரண்டு வாரங்கள் தோல் அடங்கக் காத்திருந்தேன். இடையில் ஒலியை எழுப்பப் பாச்சியைப் பலமாக வீசியதில் முன்கை வலித்தது. நாய்த்தோலையே போட்டிருக்கலாமோ என்று என் மனசாட்சியின் முடிவையே சந்தேகித்தேன். பயிற்சிக் குறிப்பேட்டில் அந்த இரண்டு வாரமும் தோலைப் பற்றிய புகாராகவே இருக்கிறது.

ஆகஸ்ட் முதல் வகுப்பில் ஆசிரியை என் கருவியை வாங்கி முதல் தந்தியை ஒரு முறை மீட்டினார். நான் அவர் பெட்டியின் பக்கம் காதை வைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தண்டியின் தலைப்பக்கம் காதை வைத்தார். பிறகு சுண்டுவிரல் நகத்தால் அந்தப் பித்தளைத் துண்டை ஓரமாகத் தள்ளினார். அரிசிமணி அகலம்கூட இருக்காது. மீட்டினார். ரீங்காரம் முழுவதுமாக எழுந்து, அறையில் சிறிது நேரம் நின்றது.

நடந்தது எளிமையானது. கமிகொமாவைத் தந்திகளின் அழுத்தமே பெரும்பாலும் இடத்தில் பிடித்து வைக்கிறது. புதுத் தந்தியை மாட்ட நான் மற்ற இரண்டையும் தளர்த்தியபோது அது நகர்ந்திருக்கிறது. நகர்ந்த துண்டின் ஓரத்தில் முதல் தந்தி ஏறிக்கொண்டது. மேட்டை உரசாமல் உயர்ந்து சென்றது. தோலுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. நான் முதல் தந்தியை மாற்றிய தேதி பராமரிப்புக் குறிப்பேட்டில் தெளிவாக இருந்தது. சாவாரி போன தேதி பயிற்சிக் குறிப்பேட்டில் இருந்தது. இரண்டும் ஒரே தேதி.

ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை. கருவியைத் திருப்பித் தந்து, மேல்சட்ஜத்தை மட்டும் இருபது முறை மீட்டச் சொன்னார். ஒவ்வொன்றிலும் முதல் தந்தி பதில் சொல்கிறதா என்று கேட்கச் சொன்னார். பதினேழில் பதில் வந்தது, மூன்றில் வரவில்லை. அந்த மூன்றும் என் வாசிப்பின் பிழை.

இப்போது

அந்த வகுப்பிலிருந்து ஒரே குறிப்பேடுதான் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் பையிலிருந்து கருவியை எடுத்தவுடன், குதிரையை நிறுத்துவதற்கு முன், முன்தோலையும் பின்தோலையும் விரலால் ஒரு முறை தட்டிக் கேட்கிறேன். சுருதி சேர்த்த பிறகு கால்மணி நேரத்தில் எந்தத் தந்தி இறங்கியது என்பதை எழுதுகிறேன்: ஒன்றா, மூன்றுமா. ஒன்று மட்டும் வழுக்கினால் அந்தப் பிருடையில் சிறிது சாக்கட்டித் தூள். மூன்றும் இறங்கினால் அன்றைக்கு அரைமணி நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். முடித்ததும் குதிரையை எடுத்து, தந்திகளைச் சற்றே தளர்த்தி, தண்டியை உலர்ந்த பருத்தித் துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து, தாள்பையில் இட்டு, வெளிச்சுவரிலிருந்தும் குளிர்சாதனத்திலிருந்தும் தள்ளி உள்ளறை அலமாரியில் வைக்கிறேன். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைக் கோடையில் மட்டும் பையில் போடுகிறேன். டோக்கியோவின் குளிர்காலக் காற்று தானாகவே போதுமான அளவு உலர்ந்தது, அப்போது பொட்டலத்தை விட்டுவைத்தால் ஜூன் இரவில் நடந்தது ஜனவரியில் நடக்கும்.

முன்தோல் நன்றாக அடங்கிவிட்டது. கங்காருத் தோலின் அடியொலி நாய்த்தோலின் ஒலிக்கு மிக நெருங்கி வந்திருக்கிறது என்பது என் கருத்து. ஆசிரியை வேறுபாட்டைக் கேட்கிறார், ஆனால் குறையாகச் சொல்லவில்லை. பின்தோல்தான் இப்போது என் கவலை. மார்ச் முதல் அதன் தட்டொலி முன்தோலைவிடத் தெளிவாகத் தாழ்ந்து கேட்கிறது; கீழ்மூலையில் விளிம்பு மயிரிழை அளவு மேலெழுந்திருப்பதையும் விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் காண முடிகிறது. த்சுயு தொடங்குவதற்கு முன், மே மாதம் மூன்றாம் வாரத்துக்குப் பட்டறையில் நாள் கேட்டிருக்கிறேன்.